ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி: ஒன்பது வருடம் வரி கட்டியவனின் ரிவியூ

மிக்ஸி வாங்கினால் ரிவியூ எழுதுகிறோம், பிரியாணி சுமாராக இருந்தால் அன்றைக்கு ராத்திரியே ஒரு ஸ்டாரைக் குறைத்துவிட்டுத்தான் தூங்கப் போகிறோம். ஆனால் வீட்டு வரி, கார் வரி என்று வருடா வருடம் சில ஆயிரம் டாலரை வாங்கிக்கொள்கிற, அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிற எங்கள் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியைப் பற்றி யாரும் நாலு வரி எழுதி நான் பார்த்ததில்லை. போன மாதம் டெக்சாஸிலிருந்து இங்கே மாறி வந்த ஒரு தம்பி ஃபோன் செய்து, "அண்ணா, குப்பைக்கு யாரைக் கூப்பிடணும், கார் வரின்னு ஏதோ சொல்றாங்களே அது என்ன, லைப்ரரி கார்டுக்குக் காசா?" என்று கேட்டுக்கொண்டே போனார். இதே கேள்விகளை ஒன்பது வருடத்தில் ஒரு பத்துப் பேராவது என்னிடம் கேட்டிருப்பார்கள். சரி, ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் நம் ஊர்க்காரர்களுக்குக் கவுண்டி என்றால் என்ன என்று புரியவேண்டும். மாவட்டம் மாதிரிதான், ஆனால் மேலிருந்து அனுப்பப்பட்ட கலெக்டர் கிடையாது. ஃபேர்ஃபாக்ஸில் ஒன்பது வட்டாரத்துக்கு ஒன்பது சூப்பர்வைசர்கள், கவுண்டி முழுவதும் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஒரு தலைவர், ஆகப் பத்துப் பேர் கொண்ட போர்டு. அவர்கள் சம்பளம் கொடுத்து ஒரு நிர்வாகியை அமர்த்துகிறார்கள், ஆபீஸ் வேலையெல்லாம் அவர் பொறுப்பு. 2020 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை பதினொன்றரை லட்சம், அந்தக் கணக்கில் வர்ஜீனியாவிலேயே பெரிய கவுண்டி இதுதான். 1742ல் உருவானது, பெயர் ஃபேர்ஃபாக்ஸ் பிரபுவின் பெயர். அமெரிக்கா என்ற நாடு பிறப்பதற்கு முன்னாலேயே இங்கே கவுண்டி இருந்திருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னபோது, "அப்போ நம்ம தாலுகா ஆபீஸ் மாதிரி பழைய ஃபைல் நிறைய இருக்குமே" என்றார்.

பழைய ஃபைலைவிடப் பெரிய குழப்பம் விலாசத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டு விலாசத்தில் ஃபால்ஸ் சர்ச் என்றோ அலெக்ஸாண்ட்ரியா என்றோ எழுதியிருந்தால் நீங்கள் அந்த நகரத்தில் இருப்பதாக நினைக்காதீர்கள். அது தபால்காரர் வைத்த பெயர். வர்ஜீனியாவில் 'சிட்டி' என்றால் கவுண்டிக்குச் சம்பந்தமே இல்லாத தனி ராஜ்ஜியம், வரி வேறு, ஆபீஸ் வேறு, போலீஸ் வேறு. ஃபேர்ஃபாக்ஸ் என்ற பெயரிலேயே ஒரு சிட்டி இருக்கிறது, அது ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் இல்லை, ஆனால் கவுண்டியின் கோர்ட் வளாகத்தைச் சுற்றி அந்த சிட்டிதான் இருக்கிறது. இதை நான் மூன்று தடவை படித்தும் நம்பவில்லை. வந்த புதிதில் விலாசத்தை நம்பிப் பக்கத்து நகராட்சி ஆபீஸ் ஒன்றில் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அங்கே மேஜையில் இருந்த அம்மா விலாசத்தைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் எங்கள் ஆள் இல்லையே" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தார். தப்பு என் மேல்தான். கவுண்டியின் இணையதளத்தில் உங்கள் விலாசத்தைப் போட்டால் எந்த சூப்பர்வைசரின் வட்டாரம், எங்கே ஓட்டுப்போட வேண்டும் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். வீடு மாறிய அன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

அடுத்தது, கவுண்டி எதைச் செய்யாது என்பது. இதைத் தெரிந்துகொண்டாலே பாதி எரிச்சல் போய்விடும். வீட்டு வாசலில் ரோடு குழியாகிக் கிடக்கிறதா? கவுண்டியைத் திட்டாதீர்கள், அது மாநில அரசின் போக்குவரத்துத் துறை. 1932ல் வந்த ஒரு சட்டத்தால் வர்ஜீனியாவில் கவுண்டி ரோடுகளை மாநிலமே எடுத்துக்கொண்டது, இன்றைக்கு ஆர்லிங்டன், ஹென்ரைகோ என்ற இரண்டு கவுண்டிகள் மட்டும்தான் எங்கள் ரோட்டை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஒதுங்கி நிற்கின்றன. அதனால் பனி கொட்டிய மறுநாள் உங்கள் தெருவுக்கு வண்டி வரவில்லை என்றாலும் கூப்பிட வேண்டிய இடம் மாநிலத் துறைதான். டிரைவிங் லைசென்ஸ், நம்பர் பிளேட், அதுவும் மாநிலம்.

குப்பை? இதில்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏமாறுகிறோம். கவுண்டியின் சொந்தக் குப்பை வண்டி பத்தில் ஒரு வீட்டுக்குத்தான் போகிறது. மற்ற வீடுகளுக்குத் தனியார் கம்பெனிதான், அதுவும் பல இடங்களில் குடியிருப்போர் சங்கம் யாரோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறதோ அவர்கள்தான். எங்களுக்கு வாய்த்த கம்பெனி (பெயர் எதற்கு) ஒரு கோடையில் தொடர்ந்து இரண்டு வாரம் வரவே இல்லை. மீன் கழுவிய தண்ணீர் வாடை தெருமுனை வரைக்கும் அடித்தது. ஃபோன் செய்தால் ஒரு மெஷின் என்னைப் பாராட்டிக்கொண்டே காத்திருக்க வைத்தது. கடைசியில் கவுண்டிக்கே கூப்பிட்டேன். எடுத்தது மனிதர். எந்தக் கம்பெனி, எந்தக் கிழமை என்று கேட்டுப் புகாரைக் குறித்துக்கொண்டார், அந்த வாரக் கடைசிக்குள் வண்டி வந்தது. கவுண்டி சொல்லி வந்ததா, தானாக வந்ததா, எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மனிதக் குரல் கேட்டதே பெரிய ஆறுதல்.

இதைச் சொல்லும்போது முன்னால் நாங்கள் இருந்த வேறு மாநிலத்துக் கவுண்டி ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரே சான்றிதழுக்கு மூன்று தடவை லீவு போட்டுப் போனேன். முதல் தடவை படிவம் தப்பு, இரண்டாவது தடவை படிவம் சரி ஆனால் பேனா மை கறுப்பாக இருக்க வேண்டுமாம், மூன்றாவது தடவை அந்த மேஜைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். நம் ஊர் தாசில்தார் ஆபீஸில் பழகிய எனக்கே கண்ணைக் கட்டியது. அந்த அனுபவத்தோடு வந்ததாலோ என்னவோ ஃபேர்ஃபாக்ஸ் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இனிக்கிறது, அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு இந்த ரிவியூவைப் படியுங்கள்.

இப்போது கார் வரிக்கு வருவோம், ஏனென்றால் இந்த வரியை நினைத்தால்தான் எனக்கு இனிப்பு கசந்துபோகிறது. காரை வாங்கும்போது வரி கட்டினோம், பதிவு செய்யும்போது கட்டணம் கட்டினோம், அப்புறமும் அந்தக் கார் வாசலில் சும்மா நிற்பதற்கு வருடா வருடம் வரி. 100 டாலர் மதிப்புக்கு 4.57 டாலர் என்ற கணக்கை நானே பல வருடம் பில்லில் பார்த்திருக்கிறேன். 25,000 டாலர் மதிப்புள்ள காருக்கு அது 1,142 டாலருக்கு மேல் வரும். பயந்துவிடாதீர்கள், முதல் 20,000 டாலருக்கு மாநில அரசு ஒரு பங்கைக் கழித்துக்கொடுக்கும், எவ்வளவு சதவிகிதம் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். இதற்குப் பின்னால் ஒரு அரசியல் கதை இருக்கிறது. 1997ல் ஜிம் கில்மோர் என்பவர் 'கார் வரியை ஒழிப்பேன்' என்று சொல்லியே கவர்னர் ஆனார். மறு வருடம் சட்டமும் வந்தது. ஆனால் மாநிலம் கொடுக்க வேண்டிய தொகை ஏறிக்கொண்டே போனதும், மொத்தமாக 950 மில்லியன் டாலர், அதற்குமேல் கிடையாது என்று மூடி போட்டுவிட்டார்கள். கார்களும் கார் விலையும் கூடக் கூட அந்தத் தொகையை எல்லோரும் பங்குபோட வேண்டியிருக்கிறது. ஆக, ஒழிப்பேன் என்று சொன்ன வரி இன்னமும் என் ஃபிரிட்ஜில் காந்தத்துக்கு அடியில் தொங்குகிறது.

புதிதாக வருகிறவர்கள் இங்கே செய்கிற தவறு ஒன்றுதான். நம்பர் பிளேட் மாற்றிவிட்டோம், வேலை முடிந்தது என்று இருந்துவிடுவோம். இல்லை. கவுண்டியின் வரித் துறையிலும், இங்கே குடிவந்த 60 நாளுக்குள் காரைப் பதிவு செய்ய வேண்டும். நான் முதல் வருடம் அசட்டையாக இருந்துவிட்டேன், பத்து சதவிகிதம் அபராதத்தோடு கட்டினேன். படிவம் ஆன்லைனில் இருந்தது, படிக்காதது நான். பில்லைக் கட்டக் கடைசி நாள் வழக்கமாக அக்டோபர் 5. நவராத்திரிக் கொலுவுக்கு பொம்மை இறக்குகிற சமயம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது, எங்கள் வீட்டில் அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

இன்னொரு புது வரியும் சேர்ந்திருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் கவுண்டியில் ஹோட்டல் சாப்பாட்டுக்கு 4 சதவிகிதம். ஏற்கெனவே இந்தப் பக்கத்தில் விற்பனை வரி 6, இரண்டும் சேர்த்தால் பத்து. பதினைந்து டாலர் மசால் தோசைக்கு ஒன்றரை டாலர் வரி, டிப்ஸ் தனி. இதையே 1992லும் 2016லும் மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள், இரண்டு தடவையும் வேண்டாம் என்று மக்கள் சொல்லிவிட்டார்கள். 2020ல் மாநிலச் சட்டம் மாறி, ஓட்டு தேவையில்லை, போர்டே முடிவு செய்யலாம் என்றானது. வீட்டு வரி மேலேயே எல்லாப் பாரத்தையும் ஏற்றாமல் இருக்கத்தான் இது என்பது போர்டின் வாதம், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் இரண்டு தடவை வேண்டாம் என்றதை மூன்றாவது தடவை கேட்காமலே போட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

பணம் போகிற கதை போதும். வருகிற கதை லைப்ரரி.

கார்டுக்குக் காசு இல்லை தம்பி, ஒரு சென்ட் இல்லை. புத்தகத்தைச் சொல்லவில்லை, புத்தகம் எல்லா ஊர் லைப்ரரியிலும் இருக்கும். இங்கே தெர்மல் கேமரா இரவல் கொடுக்கிறார்கள். வீட்டில் எங்கே குளிர் உள்ளே வருகிறது என்று நிறத்தில் காட்டுகிற கேமரா. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜனவரியில் என் ஹீட்டர் பில் ஏறிக்கொண்டே போனது, ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தால் அவர் ஜன்னலையெல்லாம் மாற்ற வேண்டும் என்று நாலு இலக்கத்தில் ஒரு எஸ்டிமேட்டை நீட்டினார். யாரோ சொல்லி லைப்ரரியில் கேமராவுக்கு முன்பதிவு செய்து, முறை வர சில வாரம் காத்திருந்து வாங்கிவந்தேன். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகள் இரண்டும் பேய் பிடிக்கிற மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடின. ஜன்னல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பரண் கதவைச் சுற்றி மட்டும் கரு நீலத்தில் ஒரு சதுரம். பன்னிரண்டு டாலருக்கு ரப்பர் பட்டை வாங்கி ஒட்டினேன், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அந்த வருடத்துக் கார் வரியில் ஒரு பகுதி அன்றைக்கே திரும்பி வந்துவிட்டது.

அதற்கு அடுத்தபடியாக எனக்குப் பிடித்தது, சிரிக்காதீர்கள், குப்பைக் கிடங்கு. தினசரிக் குப்பையைத் தனியார் எடுத்தாலும், வம்பு பிடித்த குப்பைக்குக் கவுண்டிதான். பூச்சிமருந்து, கார் ஆயில், பழைய கெமிக்கல் டப்பா, இதையெல்லாம் ஐ-66 நெடுஞ்சாலை பக்கத்துக் கிடங்கிலோ லார்ட்டனில் ஐ-95 பக்கத்துக் கிடங்கிலோ கொண்டுபோய்க் கொடுக்கலாம், கவுண்டி வாசிகளுக்கு இலவசம். கண்ணாடி பாட்டில் விஷயம் தனி. 2019 அக்டோபரிலிருந்து வீட்டு ரீசைக்கிள் தொட்டியில் கண்ணாடி போடக்கூடாது. அதற்கென்று ஊரில் பல இடங்களில் ஊதா நிறத்தில் பெரிய தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். அதில் விழுகிற பாட்டிலெல்லாம் லார்ட்டனுக்குப் போய், 'பிக் ப்ளூ' என்று செல்லப்பெயர் வைத்த ஒரு மெஷினில் நொறுங்கி, மணலும் ஜல்லியுமாகிக் கட்டுமான வேலைக்குப் போகிறது. நம் வீடுகளில் சேருகிற ஊறுகாய் பாட்டிலும் நெய் பாட்டிலும் கொஞ்சமா நஞ்சமா? மாதம் ஒரு சனிக்கிழமை அந்த ஊதாத் தொட்டியின் வட்ட ஓட்டைக்குள் ஆவக்காய் பாட்டிலைத் தூக்கிப்போட்டு அது உள்ளே உடைகிற சத்தத்தைக் கேட்பதில் என் மகனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும்தான். வாரம் முழுக்க மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது இலவச வைத்தியம்.

பார்க்கையும் சொல்லியாக வேண்டும். கவுண்டியின் பார்க் துறையிடம் நானூறுக்கு மேல் பூங்காக்கள் இருக்கின்றன. எல்லாம் பார்த்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பர்க் லேக்கில் நடக்கலாம், கோடை வார இறுதிகளில் வெளி ஊர்க்காரர்கள் வண்டிக்குக் காசு கொடுக்க வேண்டும், நாம் கொடுக்க வேண்டாம், அந்த ஒரு நொடி கர்வத்துக்காகவே போகலாம். ஆனால் ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் ஹெர்ண்டன் பக்கத்தில் இருக்கிற ஃப்ரையிங் பான் ஃபார்ம் பார்க்குக்குக் கூட்டிப்போங்கள். 1920களிலிருந்து 1950கள் வரை இந்தப் பக்கத்து விவசாயம் எப்படி இருந்ததோ அப்படியே வைத்து நடத்துகிற பண்ணை, உள்ளே போகக் கட்டணம் இல்லை. என் அப்பா இங்கே வந்து மூன்று வாரம் மால், மியூசியம், வெள்ளை மாளிகை என்று எதற்கும் முகம் மலராமல் இருந்தார். அங்கே மாட்டைப் பார்த்ததும்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாக நின்றார். "இது கவர்மெண்டு மாடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன் மடியைக் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கானுங்க" என்றார். ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிக்கு எங்கள் குடும்பத்தில் கிடைத்த உச்சகட்ட பாராட்டு அது.

தோட்டத்துக்கு இடமும் வாடகைக்குத் தருகிறார்கள். வெண்டை, கத்திரி, புடலை போடலாம் என்று நம்மவர்கள் எல்லோரும் மனுப் போட்டு வைத்திருப்பதால் காத்திருப்போர் பட்டியல் நீளம். என் பெயர் இன்னும் அதில்தான் இருக்கிறது, என் பின்னால் பெயர் கொடுத்த நண்பர் வேறு பார்க்கில் இடம் கிடைத்துப் பாகற்காய் அனுப்புகிறார். எந்தப் பார்க்கில் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

வீட்டு விஷயம் சுருக்கமாக. வீட்டு வரி வருடத்துக்கு இரண்டு தவணை, ஜூலை 28, டிசம்பர் 5. வங்கிக் கடன் இருந்தால் பெரும்பாலும் வங்கியே கட்டிவிடும். 65 வயது தாண்டியவர்களுக்கு வருமானத்தையும் சொத்தையும் பார்த்துச் சலுகை உண்டு, அப்பா அம்மா பெயரில் வீடு இருக்கிறவர்கள் விசாரித்துவையுங்கள். அப்புறம், எந்த வீட்டின் விலாசத்தைப் போட்டாலும் கவுண்டி அதற்குப் போட்ட மதிப்பு, கடைசியாக விற்ற விலை, எத்தனை பாத்ரூம் என்பது வரைக்கும் வரித் துறையின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வில்லங்கச் சான்றிதழுக்கு அலைந்த நமக்கு இது சொர்க்கம். இதன் முக்கியப் பயன், கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் விலையைப் பார்த்துவிட்டு, அங்கே போய் "எவ்வளவுக்கு முடிச்சீங்க?" என்று ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி கேட்பது. நீங்கள் வீடு வாங்கினால் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள், எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும்.

குடியுரிமை வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. வர்ஜீனியாவில் தேர்தல் நாளுக்கு 45 நாள் முன்னாலேயே ஓட்டுப்போடத் தொடங்கிவிடலாம், கவுண்டியின் அரசு மையத்திலேயே. நான் ஒரு மதிய இடைவேளையில் போய்ப் போட்டுவிட்டு, பாதி ஆறிய தயிர்சாதத்தைக் காரிலேயே சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன். தேர்தல் காகிதங்கள் ஸ்பானிஷ், கொரியன், வியட்நாமிய மொழிகளில் கிடைக்கும், தமிழில் இல்லை. சூப்பர்வைசர் யார் என்று தெரியாமலே பத்து வருடம் இங்கே இருக்கிறவர்களை எனக்குத் தெரியும், அவர்கள்தான் கார் வரியைப் பற்றி அதிகம் புலம்புகிறார்கள். போர்டு கூட்டத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம், போய்ப் பேசவும் செய்யலாம்.

ஐந்துக்கு நாலு ஸ்டார் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது அந்தக் கார் வரிக்காகவும் மசால் தோசைக்காகவும்தான், ஃபோன் எடுக்கிறவர்களுக்காகவோ மேஜையில் இருக்கிறவர்களுக்காகவோ இல்லை. தெர்மல் கேமராவுக்குத் தனியாக அரை ஸ்டார் சேர்க்க வழி இருந்தால் சேர்த்திருப்பேன்.

அந்த டெக்சாஸ் தம்பி இதைப் படித்தால்: வந்து நாற்பது நாள் ஆகிவிட்டது என்று சொன்னீர்களே, இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. முதலில் காரைப் பதிவு செய்யுங்கள், லைப்ரரிக்கு அப்புறம் போகலாம்.